சுவடிக்கூடமும் லயக்காம்பராவும்: மலையகத் தமிழரின் ஏட்டுச் செல்வம்

ஒரு சமூகத்தின் வரலாறு எழுதப்படுவதற்கு முன்னர், அவ்வரலாற்றுக்குரிய சான்றுகள் காக்கப்படல் வேண்டும். சான்றுகளைக் காக்கும் பணி பெரும்பாலும் ஆற்றல் உடையோரின் கையிலேயே இருந்து வந்துள்ளது. அரசும் ஆலயமும் வணிகக் குழுவும் தம் ஏடுகளைப் பேணிக்கொண்டன. உழைப்போரின் ஏடுகளைப் பேணுவார் அரிதாகவே இருந்தனர். இந்நிலை இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, குறிப்பாக நுவரெலியா, அட்டன் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களிலே, எத்தகைய விளைவுகளைத் தோற்றுவித்தது என்பதை நோக்குவது இக்கட்டுரையின் குறிக்கோளாகும்.

நூலகம் ஒன்று நிலைபெறுவதற்கு எவையெவை வேண்டும் என்பதை அறிய உதுமானியப் பேரரசுக் கால நூலகங்கள் நல்ல எடுத்துக்காட்டுகளாக அமைகின்றன. பொசுனியாவின் சரயேவோ நகரில், உதுமானிய ஆளுநராக விளங்கிய காசி குசுரெவ் பேக் 1537இல் ஒரு மதரசாவை நிறுவி, அதற்கென வக்ஃபு எனப்படும் அறக்கொடைச் சாசனம் ஒன்றையும் எழுதி வைத்தார். கட்டடச் செலவு போக எஞ்சும் பணத்தைக் கொண்டு நல்ல நூல்களை வாங்க வேண்டும் என்றும், கற்போர் அவற்றைப் படிக்கவும் படியெடுக்கவும் இடமளிக்க வேண்டும் என்றும் அச்சாசனம் விதித்தது. அந்த ஒரு விதியிலிருந்தே அந்நகரின் புகழ்பெற்ற கையெழுத்துச் சுவடி நூலகம் வளர்ந்தது. பேரரசு அழிந்த பின்னரும் நூலகம் அழியவில்லை. 1992 முதல் 1995 வரை நிகழ்ந்த போரிலே நகரம் முற்றுகைக்குள்ளான காலத்தில், நூலகப் பணியாளர் சுவடிகளைப் பெட்டிகளிலிட்டு இடத்துக்கிடம் கொண்டு சென்று காத்தனர். அதே நகரிலிருந்த கீழைத்தேய ஆய்வு நிறுவனம் 1992 மே மாதத்தில் எரிக்கப்பட்டபோது 5,000க்கு மேற்பட்ட கையெழுத்துச் சுவடிகள் சாம்பலாயின. 1981 சூன் முதலாம் நாளில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்துபோன யாழ்ப்பாணப் பொது நூலகத்தை அறிந்த தமிழ் மக்களுக்கு இவ்விழப்பின் தன்மையை விளக்க வேண்டியதில்லை.

இவ்வெடுத்துக்காட்டிலிருந்து நான்கு கூறுகளைப் பிரித்தறியலாம். ஏடுகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலையான பொருள். அவற்றை அடையாளங்காட்டும் அட்டவணை. பொறுப்பேற்றுக் காக்கும் ஒருவர். அவற்றை நாடிவரும் வாசகர். இந்நான்கும் சேர்ந்தவிடத்து ஏடுகள் நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கின்றன. இவற்றுள் ஒன்று குறையினும் சுவடிகள் செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாகின்றன.

இந்நான்கு கூறுகளும் பொருந்திய சுவடித் தொகுதி ஒன்று மலைநாட்டின் நடுவே இருந்தது என்பதைப் பலர் அறியார். ஒல்லாந்தர் 1796இல் கரையோர மாகாணங்களைப் பிரித்தானியரிடம் இழந்தபோது தம் ஆட்சி ஏடுகளை இங்கேயே விட்டுச் சென்றனர். பல்லாயிரம் தொகுதிகளாக அமைந்த அவ்வேடுகளைப் பற்றி அந்தோனிசு என்னும் சுவடிக்காப்பாளர் 1907இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். யூரியான்சே அம்மையார் தயாரித்த விரிவான அட்டவணை 1943இல் வெளிவந்தது. 1950களில் அரசாங்கச் சுவடிக்கூடம் நுவரெலியாவிலேயே இயங்கியது. ஒல்லாந்தர் கால வரலாற்றை ஆராய்ந்தோர் அக்காலத்திலே மலையேறிச் சென்றே அவ்வேடுகளைப் பார்வையிட்டனர். 1960களில் அது கங்கொடவிலைக்கு மாற்றப்பட்டு, பின்னர் கொழும்பு 7இல் தனக்கென அமைந்த கட்டடத்தைச் சென்றடைந்தது. தேசிய சுவடிகள் திணைக்களத்தின் கடமைகளை வரையறுக்கும் சட்டம் 1973இல் இயற்றப்பட்டது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஏடுகளை 2003இல் யுனெசுக்கோ நிறுவனம் உலக நினைவுப் பதிவேட்டிலே சேர்த்துக்கொண்டது.

அத்தொகுதியின் சிறப்பான பகுதிகளுள் ஒன்று தோம்புகள் எனப்படும் பதிவேடுகளாகும். காணியைப் பதிந்த தோம்பும் ஆட்களைப் பதிந்த தோம்பும் எனப் பிரிந்து, இன்னார் இன்னாரின் மகன், இவருக்கு இத்தனை பிள்ளைகள், இவருடைய நிலம் இன்ன இடத்தில் உள்ளது என்றவாறு அவை குடிமக்களைக் கணக்கிட்டன. வரியும் ஊழியமும் பெறும் நோக்குடனேயே ஒல்லாந்தர் அவற்றை எழுதினர் என்பது உண்மையே. ஆயினும் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கரையோரக் குடியானவன் ஒருவனின் பெயரும் அவன் தந்தையின் பெயரும் அதன் பயனாக எழுத்தில் நின்றன. அவ்வேடுகள் நுவரெலியாவின் குளிர்ந்த அறைகளிலே ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்த அதே ஆண்டுகளில், அந்நகரைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் வாழ்ந்த பல்லாயிரம் தொழிலாளர் தம் தந்தை எங்கே பிறந்தார் என்பதை எழுத்து மூலம் காட்ட இயலாது நின்றனர். மலையக வரலாற்றின் மிகக் கசப்பான முரண்பாடுகளுள் இஃதொன்றாகும்.

இந்நிலை எவ்வாறு தோன்றியது என்பதை அறியத் தோட்டத்து எழுத்துக்களின் இயல்பை நோக்குதல் வேண்டும். 1820களில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கிய காலந்தொட்டுத் தமிழகத்தின் மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் வரலாயினர். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளையை நோக்கி நடந்த அவர்களுள் வழியில் மாண்டோர் பலர். மாண்டோருக்குப் பெயர்ப்பட்டியல் இல்லை. 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்திலே சேம்சு டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியைப் படிப்படியாக அழித்தது. 1885இல் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியது. தேயிலை வளர வளரக் கணக்கேடுகளும் வளர்ந்தன. ஆனால் அவ்வேடுகள் எண்ணியது உழைப்பையே.

தோட்டத்தின் தலையாய ஏடு செக்ரோல் ஆகும். காலையில் பெரட்டுக்களத்திலே ஆட்களைக் கணக்கெடுத்து, வேலைக்கு வந்தவர், வராதவர், பெற்ற முற்பணம், வழங்கப்பட்ட அரிசி ஆகியன அதன்வழி பதியப்பட்டன. அடுத்தது துண்டு. ஒரு தொழிலாளியின் பெயரில் உள்ள கடனைக் கட்டினால் அவரை விடுவிக்கலாம் என்று தோட்டம் எழுதிக் கொடுத்த சீட்டே துண்டு எனப்பட்டது. அத்துண்டைக் கொண்டு கங்காணி வேறொரு தோட்டத்தில் முற்பணம் பெற்று ஆட்களை நகர்த்தினான். கடன் தீர்ந்ததேயில்லை, கைமாறிக்கொண்டே இருந்தது. 1921இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து வந்தோருக்குத் தோட்டத்தின் எண் பொறித்த தகரச்சீட்டு வழங்கப்பட்டது. ஆக, ஒரு தொழிலாளியை அடையாளங்காட்டிய எழுத்து செக்ரோலில் ஒரு வரியாகவும், துண்டில் ஒரு கடன் தொகையாகவும், தகரத்தில் ஓர் எண்ணாகவும் அமைந்தது. இவை மூன்றுமே பிறர் எழுதியவை; பிறருடைய தேவைக்காக எழுதப்பட்டவை.

தோட்டத்துரைமார் பயன்படுத்திய தமிழ்க் கைந்நூல்களும் இவ்விடத்து நினைவுகொள்ளற்பாலன. பெர்குசன் நிறுவனத்தார் சின்னத்துரைமாருக்கென வெளியிட்ட நூலுக்கு ‘இங்கே வா’ என்பதே பெயர். 1915இல் வெல்சு என்பார் வெளியிட்ட மற்றொரு நூல் ‘கூலித் தமிழ்’ என்ற பெயருடனேயே வெளிவந்தது. இத்தலைப்புகளே அக்காலத் தோட்ட உறவின் தன்மையைப் புலப்படுத்துகின்றன. ஆயினும் மலையகப் பேச்சுத் தமிழின் பழைய வடிவங்களை ஆராயப் புகும் மொழியியலாளருக்கு இந்நூல்கள் இன்றியமையாத சான்றுகளாம். மலையகத்து எழுத்துச் சான்றுகளுள் ஒதுக்கத்தக்கது எதுவுமில்லை என்பதை இஃது உணர்த்தும்.

எழுத்துச் சான்றின் வறுமை அரசியல் ஆயுதமாக மாறிய ஆண்டு 1948 ஆகும். அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், வம்சாவழியால் குடியுரிமை கோருவோர் தம் தந்தை இலங்கையில் பிறந்தார் என்பதையோ, தந்தை வழிப் பாட்டனும் முப்பாட்டனும் இங்கு பிறந்தனர் என்பதையோ நிறுவ வேண்டும் என்றது. 1949இன் 3ஆம் இலக்கச் சட்டம், 1946ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதிக்கு முன்னர் மணமானோர் 7 ஆண்டுகளும் ஏனையோர் 10 ஆண்டுகளும் தொடர்ந்து இலங்கையில் வதிந்தமைக்குச் சான்று கேட்டது. பலரிடம் பிறப்புப் பத்திரம் இல்லை. செக்ரோல் தோட்ட நிருவாகத்தின் அலுமாரியில் இருந்தது. பெயரை எழுதியவர் ஆங்கில எழுத்தில் தம் செவிக்குப் பட்டவாறு எழுதினார். ஒருவரின் பெயர் ஓரேட்டில் ஒரு வடிவிலும் வேறோரேட்டில் வேறொரு வடிவிலும் நின்றது. கோயில் திருவிழாவுக்கோ உறவினர் சாவுக்கோ ஊர் சென்று வந்த சில மாதங்கள்கூடத் தொடர்ச்சியை முறித்தனவாகக் கொள்ளப்பட்டன.

விண்ணப்பங்களை ஏற்கும் காலம் 1951 ஆகத்து மாதத்துடன் முடிவடைந்தபோது, 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் ஏறத்தாழ 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் கிடைத்திருந்தன. அவற்றின்வழி பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டுமே. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசு 7 தொகுதிகளில் வென்றிருந்தது. அவ்வுறுப்பினரைத் தெரிவு செய்த மக்களுள் மிகப் பெரும்பாலோர் அடுத்த தேர்தலில் வாக்காளராக இருக்கவில்லை. சான்றேடுகள் இருந்திருப்பின் இவ்வநீதி நேர்ந்திராது என்று கூறுதல் பொருந்தாது. சட்டத்தின் நோக்கமே இம்மக்களை விலக்குவதாயிருந்தது. ஆனால் விலக்குவதற்குரிய கருவியாக ஏடின்மையே கொள்ளப்பட்டது என்பதில் ஐயமில்லை.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாத்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு என்றும், 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். தலைமன்னாரை நோக்கிச் சென்ற புகையிரதத்தை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். றங்குப் பெட்டிக்குள் அடங்கிய பொருள்களோடு புறப்பட்ட குடும்பங்கள், கூத்து ஏடுகளையும் பழைய கடிதங்களையும் படங்களையும் எவ்வளவிற்கு எடுத்துச் சென்றிருக்க முடியும் என்பது சிந்தித்தற்குரியது. 1984இல் கப்பற் போக்குவரத்து நின்றது. 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்றோர் நிலைக்கு முடிவு கட்டின. 1964 ஒக்டோபர் முதல் இலங்கையில் நிரந்தரமாக வதியும் இந்திய வம்சாவழியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் குடிமக்களே என 2003ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டது. முப்பாட்டன் பிறப்புக்கு ஏடு கேட்ட அரசு அவ்வேட்டினைக் கேளாது விடுவதற்கு 55 ஆண்டுகள் சென்றன.

பிறர் எழுதிய ஏடுகள் இவ்வாறிருக்க, இம்மக்கள் சார்பாகவும் இம்மக்களாலும் எழுதப்பட்டவை யாவை என்ற வினா எழுகின்றது. 1869இல் ஆபிரகாம் யோசேப்பு வெளியிட்ட கோப்பிக் கிருஷிக் கும்மி தோட்டத் தொழிலைப் பொருளாகக் கொண்ட முன்னோடி நூலாகும். மக்களுக்குப் பழக்கமான கும்மி வடிவைக் கையாண்டபோதும் அது பயிர்ச்செய்கையின் முறைகளை எடுத்துரைக்கும் நோக்குடையது. தொழிலாளியின் பக்கம் நின்று எழுந்த எழுத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அவ்வெழுத்து கோ. நடேசய்யருடன் தொடங்குகின்றது. தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த அவர் 1920களில் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை நடத்தினார். 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கெனத் தொழிற்சங்கச் சம்மேளனம் ஒன்றை நிறுவினார். 1936 முதல் 1947 வரை அட்டன் தொகுதியின் சார்பில் அரசாங்க சபையில் வீற்றிருந்தார். தொழிலாளர் சட்டங்களைத் தமிழில் விளக்கும் நூல்களும் நாடகமும் துண்டுப் பிரசுரங்களும் அவரிடமிருந்து வெளிவந்தன. அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மாள் பத்திரிகைப் பணியில் துணைநின்றதோடு, இந்தியத் தொழிலாளரின் இலங்கை வாழ்க்கை நிலையைப் பாடல்களாக்கி 1940இல் சிறு நூலாக வெளியிட்டார். கூட்டங்களில் தாமே அவற்றைப் பாடினார். 1947இல் நடேசய்யர் மறைந்தார். அடுத்த தலைமுறையினர் அவர் பெயரை ஏறத்தாழ மறந்தே போயினர். காரணம் எளிது. அச்சிட்ட மலிவுத் தாள்களைச் சேர்த்து வைக்க மலைநாட்டில் ஒரு நூலகம் இருக்கவில்லை. சாரல் நாடன் பல்லாண்டுகள் தேடித் தொகுத்து 1988இல் ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ என்னும் நூலை வெளியிட்ட பின்னரே அவருடைய பணி மீண்டும் கற்றோர் கவனத்துக்கு வந்தது. நாற்பதாண்டு மறதியை ஒருவரின் உழைப்பு நீக்கியது என்பது பெருமைக்குரியது. ஒருவரின் உழைப்பையே நம்பியிருக்க நேர்ந்தது என்பது வருத்தத்துக்குரியது.

சி. வி. வேலுப்பிள்ளையின் பணி வேறொரு வகையைச் சேர்ந்தது. மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கொல்லைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற அவர், ஆங்கிலத்தில் கவிதையும் தமிழில் நாவலும் படைத்தவர். அவர் செய்த தொண்டுகளுள் தலையாயது தோட்டத்து மக்களின் பாடல்களைக் கேட்டெழுதித் தொகுத்தமையே. செக்ரோல் வேலைக்கு வராதவரைக் கோடிட்டுக் காட்டும். அவர் ஏன் வரவில்லை என்பதைத் தாலாட்டும் ஒப்பாரியுமே கூறும். கங்காணியின் கொடுமை, கடனின் பாரம், பிள்ளையை இழந்த தாயின் துயர் ஆகியன நிருவாக ஏடுகளில் இடம்பெறா. எனவே மலையக வரலாற்றுக்கு வாய்மொழிப் பாடல் என்பது இலக்கியச் சுவைக்குரிய பொருளாக மட்டும் அமையாது, ஆவணமாகவும் அமைகின்றது.

பாடலுக்கும் அச்சுநூலுக்கும் இடைப்பட்ட ஒரு வகை இன்னும் போதிய கவனம் பெறவில்லை. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு முதலியவற்றை ஆடுவிக்கும் கூத்து வாத்தியார்களின் கையெழுத்துக் கொப்பிகளே அவை. மாசி மாதத்தில் காமன் ஊன்றியபின் இரவுதோறும் பாடப்படும் பாட்டுக்களை வாத்தியார் தம் குருவின் கொப்பியிலிருந்து பெயர்த்தெழுதுவார். எழுதும்போதே தம் தோட்டத்தின் பெயரையும் காலத்தின் செய்தியையும் சேர்ப்பதுண்டு. இவ்வகையில் ஒவ்வொரு கொப்பியும் ஒரு தனிப்பாடமாகும். சுவடிப் பதிப்பில் பாடபேதங்களுக்கு அளிக்கப்படும் மதிப்பினை இக்கொப்பிகளுக்கும் அளித்தல் முறையாகும். உதுமானிய மதரசாக்களில் மாணவர் படியெடுத்ததும் லயத்து விளக்கொளியில் வாத்தியார் படியெடுத்ததும் ஒரே மரபின் இரு வடிவங்களே. முன்னதற்குச் சாசனமும் கட்டடமும் இருந்தன. பின்னதற்கு இராப்பையிலே தொங்கும் ஒரு துணிப்பையே இருந்தது.

இயற்கையும் இவ்வேடுகளுக்குப் பகையாக நிற்கின்றது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவிலும் அதனைச் சூழ்ந்த மலைகளிலும் மழையும் மூடுபனியும் ஆண்டின் பெரும்பகுதியை ஆட்கொள்கின்றன. ஒரே காம்பராவில் அடுப்பும் படுக்கையும் அமைந்த லயத்தில் தாள் புகையால் மஞ்சளிக்கின்றது. ஒழுகும் தகரக் கூரையின்கீழ் பூஞ்சணம் பிடிக்கின்றது. பனையோலைக்கு மஞ்சளும் எண்ணெயும் பூசிக் காத்த மரபு மலிவுத் தாளுக்குப் பயன்படாது. தாளின் ஆயுள் ஓலையின் ஆயுளினும் குறைந்தது என்பதால் இங்கு காலதாமதம் பேரிழப்பாக முடியும்.

நிருவாக ஏடுகளும் பாதுகாப்பாக உள்ளன எனக் கொள்ளற்கில்லை. 1972, 1975 ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் நிலமும் இயந்திரமும் கணக்கெடுக்கப்பட்டன. பழைய செக்ரோல், தோட்ட மருந்தகப் பதிவு, பாடசாலை வரவேடு ஆகியவற்றைக் கணக்கெடுத்துக் கேட்பார் இலர். அவை ஒரு காலத்தில் மக்களை விலக்கப் பயன்பட்ட ஏடுகளாயினும், இன்று அம்மக்களின் முன்னோரைப் பெயரோடு அறிய உதவும் அரிய மூலங்களாகும். ஒல்லாந்தர் வரிக்காக எழுதிய தோம்பு இன்று குடும்ப வரலாற்றுக்கும் சமூக வரலாற்றுக்கும் மூலமாயினமை இதற்குத் தக்க முன்னுதாரணம்.

நம்பிக்கைக்கு இடந்தரும் முயற்சிகளும் இல்லாமலில்லை. 2007இல் கம்பளைக்கு அண்மையில், பழைய பீக்கொக் தோட்டத்தின் பழைமை வாய்ந்த லயமொன்றிலேயே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் அமைக்கப்பட்டன. தொழிலாளர் வாழ்ந்த காம்பராவே அவர்தம் சுவடிக்கூடமாயிற்று. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் மலையக நூல்களும் சஞ்சிகைகளும் இடம்பெற்றுள்ளன. 2023இல் மலையக மக்களின் வருகையின் 200ஆம் ஆண்டு நினைவுகூரப்பட்டபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியில் மக்கள் மீண்டும் நடந்தனர். பெயர்ப்பட்டியல் இல்லாத இறந்தோருக்கு அந்நடையே அஞ்சலியாக அமைந்தது.

எனினும் மேலே குறித்த நான்கு கூறுகளைக் கொண்டு அளந்து பார்க்கும்போது குறைவு தெளிவாகின்றது. வாசகர் உளர், மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவரும் ஆய்வாளரும் ஆண்டுதோறும் பெருகுகின்றனர். காப்போர் சிலர் உளர். அவர்கள் பெரும்பாலும் தனிமனிதரே. நிலையான பொருளொதுக்கீடும் முழுமையான அட்டவணையும் இன்னும் இல்லை. பொருளொதுக்கீட்டை அரசும் நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் செய்தல் வேண்டும். அட்டவணையோ பெரும்பொருள் வேண்டி நிற்பதன்று. எந்தத் தோட்டத்தில், எவர் வீட்டில், எந்தக் கூத்தின் கொப்பி, எத்தனை பக்கங்களுடன், எந்நிலையில் உள்ளது என்பதை உடையவரின் இசைவோடு எழுதி வைத்தலே அதன் முதற்படி. விடுமுறைக்கு வீடு திரும்பும் மாணவரால் இதனைத் தொடங்க முடியும்.

1951இல் சான்றேடு கேட்கப்பட்டபோது இம்மக்களிடம் கொடுப்பதற்கு இல்லாதிருந்தது. இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் தம் வரலாற்றுக்குச் சான்று கேட்கின்றனர். அன்று கேட்டவர் விலக்குதற்காகக் கேட்டனர். இன்று கேட்போர் தம்மை அறிதற்காகக் கேட்கின்றனர். இவ்விரண்டாம் வினாவுக்கும் வெறுங்கையே விடையாகுமாயின், அதற்கு அரசை மட்டும் பொறுப்பாக்குதல் இயலாது. எஞ்சியுள்ள ஏடுகள் இன்னும் றங்குப் பெட்டிகளில் இருக்கின்றன. அவற்றைத் திறந்து எண்ணிப் பதிய வேண்டிய காலம் இதுவே.